ராணியம்மாள் ‘போலாம்’ என்றால்

“ராணியம்மா இன்னா சொல்லிச்சுன்னு கேட்டுக்கினு வா, அப்புறம் பாக்கலாம்.” புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த என் மாமியார் தலை நிமிராமல் இதைச் சொன்னபோதுதான் அந்தப் பேரை நான் முதன்முதலாகக் கேட்டேன். கல்யாணமாகி வந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. கொட்டகைக்குப் புதுப் படம் வந்திருக்கிறதாம், போகலாமா என்று நான் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் போய் அவருடைய அம்மாவைக் கேட்டார். அதற்கு வந்த பதில் இது. யார் நடித்தது, என்ன கதை என்று மாமியார் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. ராணியம்மா என்பவள் ஏதோ கோயிலில் குறி சொல்கிறவள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

குறி சொல்கிறவள் இல்லை. எனக்கு ஓர்ப்படி முறை. என் மாமனாருடைய அண்ணன் மகன் வேதாசலத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். பிறந்த ஊர் தென்னேரி. அங்கே அவள் தகப்பன் வீட்டுக்கும் என் தாய்மாமன் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அப்படிப் பார்த்தால் சின்ன வயசிலேயே நான் அவளைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும், எப்படியோ தெரியாமல் போச்சு. நல்ல உயரம். இரண்டு பக்கமும் மூக்குத்தி. பால் தூக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏரிக்கரை மேல் அவள் நடந்தால் சைக்கிள்காரன் மணி அடித்து வழி கேட்க வேண்டியிருக்கும். அவள் ஒதுங்கமாட்டாள், அவன்தான் ஒதுங்குவான்.

எங்கள் ஊர் உத்திரமேரூர் ஏரிக்குக் கீழண்டைப் பக்கம். கரை மேலேயே போனால் கொட்டகைக்கு நடந்துவிடலாம். ஆனால் எங்கள் தெருப் பெண்கள் நடந்து போய் சினிமா பார்க்கிற வழக்கம் அப்போது கிடையாது. பால் ஊற்ற, நடவுக்குப் போக நடக்கலாம். படத்துக்கு என்றால் வண்டி கட்ட வேண்டும். வண்டி சேட்டு மாமாவுடையது. பேர்தான் சேட்டு, செய்வது பயிர். என் மாமனாருக்குக் கூடப்பிறந்த தம்பி, ஆகவே எங்களுக்கெல்லாம் சின்ன மாமனார். அவர் வண்டி தருவதற்கு ஒரு கட்டு வைத்திருந்தார். பௌர்ணமியை ஒட்டி வருகிற ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் தருவார். நிலா இல்லாத நாளில் கரை மேல் மாடு மிரளும் என்பார். ஆக, எங்களுக்கு மாசத்துக்கு ஒரு படம். அந்த ஞாயிறு கொட்டகையில் எது ஓடுகிறதோ அதுதான் எங்கள் படம். நன்றாக இருந்தால் போகலாம். இல்லையென்றால் அடுத்த நிலாவுக்குக் காத்துக்கிடக்க வேண்டியதுதான்.

முன்னே எல்லாம் தெரியாமல் போய் மாட்டிக்கொள்வார்களாம். படம் மட்டமாக இருந்தால் மாசமும் போச்சு, அதோடு சேட்டு மாமாவின் வாயிலும் விழ வேண்டும். “இந்தக் கண்றாவியப் பாக்கத்தான் என் மாட்ட ஓட்டிக்கினு போனீங்களா” என்று ஒரு வாரத்துக்குச் சொல்லிக் காட்டுவார். இத்தனைக்கும் அவர் பிறந்ததிலிருந்து ஒரு படம் பார்த்தவர் இல்லை. ராணியம்மாள் பார்த்துச் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் அந்தப் பேச்சு நின்றது. அப்புறம் அவரும் பழகிக்கொண்டார். சனிக்கிழமை சாயந்திரம் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டே, “ராணி போலான்னுதா?” என்று பொதுவாகக் கேட்பார். போலாம் என்று யாராவது சொன்னால், மறுநாள் வண்டி தயாராக நிற்கும்.

அவள் எப்படிப் பார்த்தாள் என்று சொல்கிறேன். பலபேர் அவள் வெள்ளிக்கிழமையே திருட்டுத்தனமாக உள்ளே போய்ப் பார்த்துவிடுகிறாள் என்று நினைத்திருந்தார்கள். அது பொய். ராணியம்மாளுக்கு இரண்டு எருமை. சாயந்திரக் கறவையை எடுத்துக்கொண்டு கொட்டகையை ஒட்டியிருந்த டீக்கடைக்கு ஊற்றப் போவாள். டீக்கடைக்காரர் பாலைத் தூக்கோடு வாங்கி வைத்துக்கொள்வார். இடைவேளையில்தான் அவருக்கு வியாபாரம், அது முடிந்தால்தான் தூக்கு காலியாகிக் கைக்கு வரும். அதுவரை ராணியம்மாள் கடைக்குப் பின்னால், கொட்டகையின் பெண்கள் பக்கத்துத் தட்டிக்கு எதிரே, ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருப்பாள். தட்டி என்றால் கதவுக்குப் பதில் கட்டியிருந்த கீற்றுப் படல். அதைத் தள்ளிக்கொண்டு யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். அவ்வளவுதான் அவள் செய்த ஆராய்ச்சி.

“கைக்கொயந்த எந்தக் கொட்டாய்லயும் அயும்” என்பாள். “அயுதா தாய்க்காரி இன்னா பண்றான்னு பாரு. படம் சுமாருன்னு வையி, ஒடனே தூக்கிக்கினு வெளிய வந்துடுவா. காத்து வாங்கிக்கினு நின்னுடுவா, உள்ள போவ மனசே வராது. படம் நல்லா இருந்துதுன்னா அங்கயே மடியில போட்டு ஆட்டுவா, முதுவுல தட்டுவா, கண்ண மட்டும் தெரையிலருந்து எடுக்கமாட்டா.”

இது பெரிய சோதனை. இதற்குப் பின்னால் ஒரு சின்னச் சோதனையும் உண்டு. இடைவேளையில் ஒதுங்க வருகிற பெண்கள் என்ன பேசிக்கொண்டு வருகிறார்கள் என்று காதைக் கொடுப்பாள். அந்தப் பாவி அவளை ஏமாற்றிவிடுவானோ, அண்ணன்காரன் வந்து சேர்வானோ என்று பேசினால் சரி. “எரும எப்பக் கன்னு போடும்னு பேசிக்கினு வந்தாங்கன்னா, அந்தப் படம் பேஜாரு.” காற்றையும் பார்ப்பாள். ஏரிப் பக்கமிருந்து காற்று வலுத்தால் திரை உப்பும். கதாநாயகிக்கு ஒரு கன்னம் வீங்கி ஒரு கன்னம் ஒட்டிப்போகும். அப்படிப்பட்ட நாளில் நல்ல படமாயிருந்தாலும் வேண்டாம் என்றுவிடுவாள்.

கதை மட்டும் கேட்கவே மாட்டாள். யாராவது சொல்ல வந்தால் கையால் மறித்துவிடுவாள். “கதயத் தெரிஞ்சிக்கினு அப்புறம் எதுக்குப் போறது.”

நடிகர் பேரும் அவளுக்கு ஒரு பொருட்டு இல்லை. எங்கள் ஊர் ஆம்பிளைகள் அப்போது இரண்டு கட்சி. ஒரு நடிகருக்கு மேலத்தெரு, இன்னொருவருக்குக் கீழத்தெரு. ஏரி மதகுச் சுவரில் ஒருத்தர் பேரை எழுதினால் விடிவதற்குள் அதன்மேல் சாணி அடித்திருக்கும். மாமன் மச்சான் என்று ஒரே பந்தியில் சாப்பிடுகிறவர்கள் இதற்காக மாசக் கணக்கில் முகம் பார்க்காமல் இருந்திருக்கிறார்கள். ராணியம்மாளுக்கு அந்த இருவரில் ஒருவர் ‘மீசக்காரன்’, மற்றவர் ‘மீச இல்லாதவன்’. மீசையில்லாதவர் ஒரு படத்தில் மீசை ஒட்டிக்கொண்டு வந்தபோது, இவன் அந்த மீசக்காரன்தான் என்று கடைசிவரை வாதாடினாள். இரண்டு கட்சிக்காரர்களும் அவளைக் கண்டால் “சென்சார் போர்டு வருது, வழி உடு” என்று கேலி செய்வார்கள். செய்துவிட்டு, கொஞ்ச தூரம் கூடவே வந்து, படம் எப்படி என்று மெதுவாகக் கேட்பார்கள்.

சினிமாப் பைத்தியம் என்று அவளைச் சொல்ல முடியாது. பாட்டு முணுமுணுக்கமாட்டாள். புடவைக்கடையில் இந்தப் படத்துப் புடவை அந்தப் படத்துப் புடவை என்று கேட்டவள் இல்லை. நடவு நாளில் எந்தப் படம் வந்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டாள். அப்படி அவள் விட்ட ஒரு படம் காஞ்சிபுரத்தில் வெகுநாள் ஓடியது என்று யாரோ சொன்னார்கள். “ஓடட்டும். நம்ம நாத்து அன்னிக்கு நடலேன்னா பழுத்துப்பூடும்” என்றாள். வருத்தம் ஒன்றும் இல்லை. இப்போது எங்கள் தெருவில் ஒரு வீட்டில் டி.வி. வாங்கியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு எல்லாரும் போய் உட்காருகிறோம். அவளும் வருவாள், முறத்தில் அரிசியைக் கொண்டுவந்து கல் பொறுக்கிக்கொண்டே பார்ப்பாள். “இது அவன் போடறது. நம்ம பாத்து எடுத்ததா இன்னா.”

கொட்டகைக்குள் அவள் உட்காருவது ஒரு தனி அழகு. தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து அதன்மேல் ஏறி உட்காருவது எல்லாருக்கும் வழக்கம். முன்னால் இருப்பவள் குவித்தால் பின்னால் இருப்பவள் அதைவிட உயரமாகக் குவிப்பாள், கடைசி வரிசைக்காரி கோபுரம் கட்ட வேண்டியிருக்கும். ராணியம்மாள் உள்ளே நுழைந்ததும் முதல் காரியமாக முன்வரிசைக் குவியல்களைக் காலால் தட்டிச் சமம் பண்ணுவாள். யாரும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அப்புறம் சாக்கை விரித்து, காலை நீட்டி, படம் ஓட ஆரம்பித்தால் வாய் திறக்கமாட்டாள். ஒரே ஒரு இடத்தில்தான் அடக்க முடியாமல் சிரிப்பாள். படத்தில் யாராவது மாடு கறந்தால். “கன்னுக்குட்டிய ஊட்ட உடாமலே கறக்கறா பாரேன். அந்தச் சொம்புல இன்னா வரும், சோப்புத் தண்ணியா?” என்று என் தொடையைக் கிள்ளுவாள்.

அவள் பேர் ஏரியைத் தாண்டிவிட்டது. திருப்புலிவனத்துப் பெண்கள் சந்தையில் என்னைப் பார்த்தால் குசலம் விசாரிப்பதற்கு முன், “உங்க ராணியம்மா இந்த வாட்டி இன்னா சொன்னாங்க?” என்பார்கள். எனக்கு அப்போது வருகிற பெருமையைச் சொல்ல முடியாது. என் சொந்த ஓர்ப்படியாக்கும் என்று சொல்லி, கத்தரிக்காயை இரண்டு கூடப் போடச் சொல்லி வாங்கியிருக்கிறேன். அவள் வேண்டாம் என்று சொன்ன படத்துக்குப் பெண்கள் பக்கம் மணல்தான் தெரியும். இது கொட்டகை மேனேஜருக்கும் தெரிந்துபோச்சு.

அந்த மேனேஜர் பேர் ராஜாராம். திருப்புட்குழிக்காரர். மல் ஜிப்பாவும் விரலில் மோதிரமுமாக இருப்பார், கெட்டவர் என்று சொல்ல முடியாது. கீற்று வேயக் கூலி, எஞ்சினுக்கு டீசல் என்று அவருக்கும் ஆயிரம் தொல்லை. ஒருநாள் டீக்கடைக்காரர் விளையாட்டாக, “நீ எப்படிம்மா வெளிய குந்திக்கினே படத்தக் கண்டுபுடிக்கிற?” என்று கேட்டிருக்கிறார். ராணியம்மாள் பெருமையாக அத்தனையும் சொன்னாள். கைக்குழந்தை, தாய்க்காரி, தட்டி, எல்லாம். பக்கத்து பெஞ்சில் ராஜாராம் டீ ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

எமர்ஜென்சி முடிந்து ஓட்டுப் போட்டோமே, அந்த வருஷம் வைகாசி. வெள்ளிக்கிழமை புதுப் படம். ராணியம்மாள் வழக்கம்போலக் கல்லின் மேல் உட்கார்ந்தாள். உள்ளே குழந்தைகள் அழுகிற சத்தம் கேட்கிறது. தட்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு தாய்கூட வெளியே வரவில்லை. சனிக்கிழமையும் அப்படியே. இடைவேளையில்கூட ஓரிரண்டு பேர்தான் வந்து, என்ன பேசுகிறார்கள் என்று காதில் விழுவதற்குள் அவசரமாகத் திரும்பினார்கள். அப்படி ஒரு படத்தை அவள் பார்த்ததே இல்லை. தூக்கை வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்து, தெரு முனையிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தாள்: “எல்லாரும் கெளம்புங்கடி. இந்த மாதிரிப் படம் இதுக்கு முன்னாடி வந்ததில்ல. ஒருத்தி அசையல.”

அந்த ஞாயிறு வண்டியில் இடம் போதவில்லை. சேட்டு மாமாவின் சொந்த மருமகள் கனகாவும் வந்தாள். பிள்ளை பெற்ற பிறகு அவள் வாசல் தாண்டுவது அதுதான் முதல் தடவை. மாமா லேசில் விடவில்லை. பேரனைக் கூட்டத்தில் கொண்டுபோவதா என்று ஞாயிறு மத்தியானம்வரை முறுக்கிக்கொண்டிருந்தார். ராணியே அப்படிச் சொல்கிறாள் என்றதால்தான் கடைசியில் தலையை அசைத்தார். வண்டியோட்டி சின்னராசு மாட்டை அவிழ்க்கும்போதே ஊரெல்லாம் அந்தப் படத்தைப் பற்றித்தான் பேச்சு.

படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு ஆள் மாடிப்படி ஏறுகிறான், இறங்குகிறான், மறுபடி ஏறுகிறான். இரண்டு பேர் சோபாவில் உட்கார்ந்து சொத்துக் கணக்குப் பேசுகிறார்கள், பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள். நான் ராணியம்மாளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சாக்கின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்து, இனிமேல் வரும், இனிமேல் வரும் என்கிற மாதிரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் கனகாவின் பிள்ளை வீறிட ஆரம்பித்துவிட்டான். உள்ளே புழுக்கம். காற்றில்லை. கனகா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு தட்டிக்குப் போனாள். போன சுருக்கில் திரும்பி வந்தாள். “வெளிய உடமாட்டன்றான்க்கா” என்றாள். அவள் குரலே சரியில்லை. பிள்ளை அழுது அழுது தொண்டை கட்டி, சத்தம் வராமல் வாயை மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

ராணியம்மாள் எழுந்தாள். பிள்ளையை வாங்கிக்கொண்டு தட்டிக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். தட்டியை உள்பக்கமாகக் கயிற்றால் இழுத்துக் கட்டி, அதன் முன்னால் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான். உள்ளே போ, வெளியே விடக் கூடாது என்றான். யார் சொன்னது என்று கேட்டாள்.

“மேனேஜரு ஆர்டரும்மா. கொயந்தைங்கள வெளிய எடுத்துக்கினு போவக் கூடாதுன்னு. வெள்ளிக்கெயமலருந்து இப்படித்தான்.”

“வெள்ளிக்கெயமலருந்தா?”

அவ்வளவுதான் கேட்டாள். திரையிலிருந்து வந்த வெளிச்சத்தில் அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இரண்டு நாளாக ஒருத்தியும் அசையாமல் இருந்தது படத்தால் இல்லை, கட்டிப்போட்ட தட்டியால். பிள்ளையை என் கையில் கொடுத்தாள். அந்த ஆளை நகரச் சொல்லாமலேயே, அவன் தோளுக்கு மேல் கையை நீட்டி, எருமைத் தும்பை அவிழ்க்கிற கையால் ஒரே இழுப்பில் கயிற்றை அவிழ்த்துவிட்டாள்.

முதலில் நாங்கள் வந்தோம். அப்புறம் பெண்கள் பக்கத்திலிருந்து ஒவ்வொருத்தியாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். திருப்புலிவனத்துக்காரிகள், பேர் தெரியாதவர்கள், எல்லாரும். ஏரிக் காற்று முகத்தில் பட்டதும் கனகாவின் பிள்ளை விக்கி விக்கி அடங்கினான். கொட்டகைக்குள் படம் ஓடிக்கொண்டிருந்தது, சோபாவில் இருந்தவர்கள் இன்னும் சொத்துக் கணக்கு முடிக்கவில்லை.

ராஜாராம் ஓடிவந்தார். “இன்னாம்மா இது, பாதிப் படத்துல எல்லாரையும் கெளப்பிக்கினு வந்துட்ட.”

“நான் எங்க கெளப்பினேன். நீ கட்டின, நான் அவுத்தேன். அவங்களா வராங்க.”

அவர் குரலைத் தாழ்த்தினார். அடுத்த படத்துக்கு எங்கள் வண்டி மொத்தத்துக்கும் சேர் டிக்கெட் தருவதாகவும், இதை ஊரில் போய்ப் பெரிதுபண்ண வேண்டாம் என்றும் சொன்னார். ராணியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“ஒன் சேர்ல நீயே குந்திக்கோ மேனேஜரே. எனக்குத் தட்டி தொறந்து கெடந்தாப் போதும்.”

சின்னராசு மாட்டைப் பூட்டினான். திரும்புகிற வழியில் நிலா நல்ல உயரத்துக்கு வந்திருந்தது. ஏரித் தண்ணீர் பளபளவென்று கிடந்தது. பார்க்க ஒருத்திக்கும் மனசில்லை. மற்ற மாதங்களில் ஊர் அடங்கிய பிறகு போகிற வண்டி, இன்றைக்குச் சாப்பாட்டு நேரத்துக்கே போய் நிற்கப்போகிறது. மாமா என்ன என்று கேட்பார். படம் மட்டம் என்று சொன்னால் போச்சு. அதோடு, பேரனை உள்ளே அடைத்துவைத்துத் தொண்டை கட்ட அழவிட்டார்கள் என்று தெரிந்தால், வண்டி என்ன, அதற்கப்புறம் சினிமா என்கிற பேச்சே எங்கள் தெருவில் எழக் கூடாது. யோசனை பண்ணிப் பண்ணி ஒரு வழி கண்டுபிடித்தோம். எஞ்சின் நின்றுபோச்சு, அதனால் பாதியில் விட்டுவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். கொட்டகை எஞ்சின் அடிக்கடி நிற்பது ஊருக்கே தெரியும். சின்னராசும் சரி என்றான்.

ராணியம்மாள் மட்டும் தலையாட்டவில்லை. கனகா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, மாமாவாண்ட நீ ஒண்ணும் சொல்லிடாத. அப்புறம் என்ன வாசப்படி தாண்ட உடமாட்டாரு.”

“எஞ்சின் நின்னுச்சுன்னு நான் சொல்றன்னு வையி” என்றாள் ராணியம்மாள். “அடுத்த மாசம் நல்ல படம், போலான்னு சொல்லுவேன். அது மட்டும் நெசம்னு நீ எப்படிடி நம்புவ?”

வேறு ஏதாவது பேசுவாள் என்று பார்த்தோம். வாலாட்டிக்கொண்டு போகிற மாட்டின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒருத்தி அவளைத் திட்டக்கூடச் செய்தாள். இவளுக்கு இவள் பெருமைதான் பெரிது, நாங்கள் நாலு சுவருக்குள் கிடந்தால் இவளுக்கென்ன, இவள் தினம் பால் தூக்கோடு கொட்டகை வாசலுக்குப் போய்விடுவாள் என்றாள். அதுவும் நியாயம்தான் என்று எனக்குப் பட்டது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மாமனார் முன்னால் மருமகள்கள் நேருக்கு நேர் நின்று பேசுகிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமானால் கதவுக்குப் பின்னால் நின்று, அங்கே விளையாடுகிற குழந்தைக்குச் சொல்வது போலச் சொல்வோம். அவரும் குழந்தைக்குச் சொல்வது போலப் பதில் சொல்வார். நான் வந்த நாளிலிருந்து சேட்டு மாமாவின் முகத்தை முழுசாகப் பார்த்ததில்லை.

வண்டி நின்றது. மாமா களத்து மூலையில் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தார். எழுந்து உட்கார்ந்து, “இன்னாடா, அதுக்குள்ள வந்துட்டீங்க?” என்று சின்னராசுவைக் கேட்டார். நாங்கள் எல்லாம் தலையில் முந்தானையை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் நழுவப் பார்த்தோம். சின்னராசு தொண்டையைக் கனைத்து, “எஞ்சினு…” என்று ஆரம்பித்தான்.

ராணியம்மாள் வண்டியிலிருந்து இறங்கி நேராகக் கட்டிலுக்கு முன்னால் போய் நின்றாள்.

“எஞ்சின் நல்லாத்தான் கீது மாமா. படந்தான் நல்லா இல்ல. நான் ஏமாந்துட்டேன்.”

அவள் நிறுத்தவில்லை. டீக்கடையில் தான் வாயை விட்டது, மேனேஜர் கேட்டது, வெள்ளிக்கிழமையிலிருந்து தட்டியைக் கட்டிப்போட்டது, அதைப் பார்த்துத் தான் நல்ல படம் என்று நினைத்தது, குழந்தை அழுதது, கயிற்றை அவிழ்த்தது, எல்லாவற்றையும் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். குழந்தை அழுததைச் சொன்னபோது கனகா என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மாமா பிள்ளையைக் கொண்டுவரச் சொன்னார். வாங்கி மடியில் படுக்கவைத்து, நிலா வெளிச்சத்தில் அவன் முகத்தைப் பார்த்தார். தூங்கிக்கொண்டிருந்தான். தலை நிமிராமலே கேட்டார்.

“ஒன்ன ஏமாத்தறதுக்காவ, ரெண்டு நாளா ஆளப் போட்டுக் கதவக் கட்டி வச்சிருந்தானா?”

“ஆமா மாமா.”

“ஒருத்தியா? ஒனக்காவ?”

“ஆமா.”

அவர் தோள் குலுங்கியது. கோபத்தில் குலுங்குகிறது என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். “எஞ்சின் கீது, ஆளுங்க கீறாங்க, ஊரூரா நோட்டீசு அடிக்கிறான். அவ்ளோ பெரிய கொட்டாய்க்காரன். நம்ம வூட்டு மருமவளுக்குப் பயந்துக்கினு கதவச் சாத்தறானா!” என்றார். பக்கத்து வீட்டில் படுத்திருந்த என் மாமனாரைச் சத்தம் போட்டு எழுப்பி, “அண்ணே, இதக் கேளு” என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். ராணியம்மாள் அப்போதுதான் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

மறுநாள் அந்தக் கதை நெல் மில்லுக்குப் போய்விட்டது. மாமாவே சொன்னார். அப்புறம் திருமுக்கூடலில் அவர் சம்பந்தி வீட்டுக் கல்யாணத்தில் பந்தி முடியும்வரை சொன்னாராம். சொல்லச் சொல்லத் தட்டியைக் காவல் காத்த ஆள் ஒருத்தன் இரண்டாகி, இரண்டு நாலாகி, கடைசியில் தடியோடு நின்றார்கள் என்று ஆகிவிட்டது. ராணியம்மாள் திருத்தப் போகவில்லை. கொட்டகையில் தட்டி மறுவாரமே திறந்து கிடந்தது. அதைக் கட்டிவைத்தால் பெண்கள் பக்கமே ஆள் வராது என்று ராஜாராமுக்கு யாரோ நன்றாகச் சொல்லிவிட்டிருக்கிறார்கள்.

அடுத்த மாதம் நிலா வளர்ந்தது. சனிக்கிழமை சாயந்திரம் மாமா தானே நின்று, வண்டியில் புது வைக்கோல் பரப்பச் சொன்னார். அதன்மேல், வீட்டுக் கல்யாணத்துக்கு மட்டும் வெளியே எடுக்கிற ஜமக்காளத்தைக் கொண்டுவந்து போடச் சொன்னார். கனகா வெள்ளையும் பச்சையுமாகப் பூ தொடுத்து ஈரத் துணியில் சுற்றி வைத்துவிட்டாள். நாங்கள் எல்லாரும் கிளம்பிவிட்ட மாதிரிதான் இருந்தோம்.

ராணியம்மாள் தூக்கோடு திரும்பி வந்தாள். இந்தத் தடவை கதவுக்குப் பின்னால் நின்று, அங்கே தவழ்ந்துகொண்டிருந்த கனகாவின் பிள்ளையிடம் சொன்னாள்.

“தாத்தாவாண்ட சொல்லுடா கண்ணு. இந்த மாசம் வாணாம். கொயந்தைங்கள எடுத்துக்கினு தாய்ங்க வெளிய வந்துக்கினே கீறாங்க.”

எங்களுக்கெல்லாம் முகம் விழுந்துபோச்சு. மாமா எழுந்து போய் ஜமக்காளத்தை அவரே எடுத்தார். ஒட்டியிருந்த வைக்கோலை உதறி, நாலாக மடித்து, தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். அதற்கடுத்த பௌர்ணமிக்குத்தான் வண்டி போச்சு. அது நல்ல படம், அழுதுவிட்டு வந்தோம்.

இதெல்லாம் நடந்து வருஷங்கள் ஆச்சு. போன மாசமும் இந்த மாசமும் எங்கள் தெருவில் வண்டி கட்டவில்லை. ராணியம்மாளின் மகள் ஆதிலட்சுமியைப் பெருநகர் என்கிற ஊரில் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பிரசவம் இங்கே பார்த்தாயிற்று, இது இரண்டாவது, மாமியார் இல்லாத வீடு, அதனால் இவள்தான் அங்கே போய்ப் பார்க்க வேண்டியதாச்சு. பெண் குழந்தை பிறந்திருக்கிறது. ராணியம்மாள் இப்போது பெருநகரில், மகள் வீட்டில் இருக்கிறாள்.